புத்தளக் கரையில் முதற்பாட்டும் வழிப்பாட்டும்

கொழும்பிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு மா ஓயாவைக் கடந்தவுடன் புத்தள மாவட்டத்தினுட் புகுகின்றது. வென்னப்புவை, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் என ஊர்கள் தொடர்கின்றன. மேற்கே கடலேரிக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பம் நீண்டு கிடக்கின்றது. தென்னந்தோப்பும் உப்பளமும் மீன்வாடியுமாகிய இக்கரையிலே சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் இரண்டையும் கலந்து பேசுவோரும் நெடுங்காலமாக அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். காணிக்கு வேலியிடலாம், பாட்டுக்கு வேலியிட இங்கு எவராலும் இயன்றதில்லை. ஒரு வாயிற் பிறந்த மெட்டு மறுநாள் அடுத்த வீட்டில் வேறொரு மொழியிற் கேட்கும்.

இசைத்தட்டு நாட்டில் வந்து நிலைபெற்றபின் பாட்டைப் பற்றிப் பேசுவதில் ஒரு புதிய வழக்கம் தோன்றியது. ஒருவர் முன்னர் பாடிப் பதிவான பாட்டை இன்னொருவர் பாடினால், முதற் பதிவை அருகில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே அவ்வழக்கம். நிறுத்தபின் வழங்கப்படும் தீர்ப்புகள் பெரும்பாலும் இரண்டே. ‘அசலைப் போல இல்லை’ என்பது ஒன்று. ‘அசலையே வென்றுவிட்டது’ என்பது மற்றது. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் அவற்றின் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கின்றது. அசல் எது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும் என்பதே அந்நம்பிக்கை. புத்தளக் கரையின் பாட்டு வரலாற்றைச் சிறிது பின்னோக்கித் தொடர்ந்து செல்வோர்க்கு அந்நம்பிக்கை படிப்படியாகத் தளர்வதைக் காணலாம்.

நேயர் பலரும் அறிந்த ஒரு பாட்டிலிருந்து தொடங்குவது எளிது. ‘சுராங்கனி’ என்னும் பாட்டைக் கேளாத தமிழர் குறைவு. 1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழ்த் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடியதாகவே தமிழ்நாட்டிற் பலர் அதனை அறிவர். ஆயின் இலங்கை நேயரைக் கேட்டால், அப்பாட்டுக்கு உரியவர் ஏ. ஈ. மனோகரனே என்பர். தமிழையும் சிங்களத்தையும் கலந்து அவர் மேடைதோறும் பாடிப் பரப்பிய பாட்டு அது. ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என இங்கும் ‘சிலோன் மனோகர்’ எனத் தமிழகத்திலும் பெயர்பெற்ற அக்கலைஞர் 2018ஆம் ஆண்டு சென்னையிற் காலமானார். திரைப்படத்துப் பாட்டை அவர் பாட்டோடு ஒப்பிட்டு, திரையில் வாத்தியம் மிகுந்தது, மேடையிற் குறும்பு மிகுந்தது எனச் சொல்வது எளிது. அது பொருத்தமும் ஆகும். ஒரு பெண்ணுக்காகக் கொண்டுவரப்பட்ட மீனைப் பற்றிய பாட்டு இது என்பதை அறியாமலே, மீனைக் குறிக்கும் சிங்களச் சொல்லைத் தமிழகம் முழுதும் மகிழ்ந்து பாடிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஆனால் மனோகரன் பாடியதுதானும் முதலா? அதன் மெட்டும் நடையும் சிங்கள பைலாவினுடையவை. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்பு என எங்கும் 1970களில் தழைத்த தமிழ்ப் பொப்பிசை முழுவதும் அந்நடையிற் பெருங்கடன் பட்டது. நித்தி கனகரத்தினம் போன்ற முன்னோடிகளின் பாட்டுக்களிலும் அக்கடன் வெளிப்படையாகவே தெரிகின்றது. பைலா என்னும் சொல் ஆடுதல் எனப் பொருள்படும் போத்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்ரியன் என்பார் 1940களில் பழைய போத்துக்கேயக் கலப்புமொழிப் பாட்டுக்களின் தாளத்திற் சிங்களச் சொற்களை ஏற்றிப் பாடி அதனை நாடறியச் செய்தார். ஆறு சிற்றெண்ணிக்கை மும்மூன்றாய்ப் பிரிந்து இரண்டு தட்டாக விழும் அத்தாளம், நமது திஸ்ர நடையை அறிந்த காதுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆக, மனோகரனுக்கு முன்னால் பைலா மேடை. அதற்கு முன்னால் வேறொரு மொழியின் பாட்டு. அந்த வேறு பாட்டு இன்றும் உயிரோடு ஒலிக்கும் இடங்களுள் ஒன்று புத்தள நகரத்தை அடுத்துள்ள சிராம்பியடி என்னும் சிற்றூர்.

சிராம்பியடியில் வாழ்வோர் ஆபிரிக்க வழியினர். போத்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அடிமைகளாகவும் போர்வீரராகவும் ஆபிரிக்கர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தானியரும் அவர்களைத் தம் படைகளிற் சேர்த்தனர். அந்நூற்றாண்டின் பிற்பாதியிற் படைகள் கலைக்கப்பட்டபோது புத்தளப் பகுதியிற் குடியமர்ந்தோரின் வழித்தோன்றல்களே இவர்கள். காப்பிரியர் என்று அவர்கள் அழைக்கப்படுகின்றனர். தம்மையும் அவ்வாறே அழைத்துக்கொள்கின்றனர். அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல் தென்னாபிரிக்காவில் மிக இழிவான வசையாகக் கருதப்படுவது. இலங்கையில் அது ஒரு சமூகத்தின் பெயராக மட்டும் நிலைத்துவிட்டது. சொல்லுக்கும் இடம் மாறினாற் பொருள் மாறும் என்பதற்கு இது ஒரு சான்று.

இவர்கள் பாடுவது மஞ்சா என வழங்கும். வட்டமாக அமர்ந்து, பெரும்பாலும் பெண்கள் முதலெடுக்க, மற்றையோர் பின்தொடர்வர். றபானும் உண்டு, ஆயின் தேங்காய்ச் சிரட்டை, போத்தலும் கரண்டியும், அமர்ந்திருக்கும் நாற்காலியின் பலகை ஆகியவையும் அங்கே வாத்தியங்களே. வரிகள் சில, அவை திரும்பத் திரும்ப வரும். மெல்லத் தொடங்கும் பாட்டு படிப்படியாக விரைவு கொள்ளும். விரைவு உச்சம் அடையும்போது இருந்தவர் எழுந்து ஆடத் தொடங்குவர். பாட்டு எப்போது முடியும் என்பதைப் பாடுவோரின் மூச்சும் ஆடுவோரின் கால்களுமே தீர்மானிக்கும். மொழி இலங்கையின் போத்துக்கேயக் கலப்புமொழி. அச்சமூகத்தின் அன்றாடப் பேச்சோ இன்று சிங்களம். பாட்டின் சொற்பொருளை முழுதும் அறிந்தவர் முதியவர் சிலரே. நா அறிந்த சொல்லை நெஞ்சு அறியாத நிலை அங்கே வந்துவிட்டது.

அப்படியாயின் மஞ்சாவே முதலாகுமா? அதனையும் எளிதிற் சொல்லிவிட இயலாது. கபிறிஞ்ஞா என்ற ஆட்டப்பாட்டு இலங்கையின் போத்துக்கேயப் பறங்கியரிடையே வேறொரு கோலத்தில் வாழ்ந்து வருகின்றது. மட்டக்களப்புப் பறங்கியர் தம் திருமண வீடுகளில் வயலினும் றபானும் கொண்டு அதனை இசைப்பர். இணை இணையாக நின்று ஆடுவர். கீழ்க்கரையில் வயலின் எடுத்துச் செல்லும் இராகத்தை மேற்கரையில் வாய் ஒன்றே எடுத்துச் செல்கின்றது. அங்கே வரிசையாக நிற்கும் ஆட்டம் இங்கே வட்டமாகக் குழைகின்றது. பாட்டுக்களின் நாலடி அமைப்பும் மொழியும் இரு கரைக்கும் பொது. எது எதனைப் பார்த்து எழுந்தது? ஒரு தாயின் இரு பிள்ளைகளுள் எது மற்றதன் நகல் எனக் கேட்பது போன்றதே இக்கேள்வி.

எழுத்தில் ஒரு சான்று உண்டு. இலங்கைக் குடியியற் சேவையில் இருந்த ஹியூ நெவில் என்னும் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏட்டுச் சுவடிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்தார். அத்தொகுதி இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றது. அதனுள் இலங்கைப் போத்துக்கேயப் பாட்டுக்கள் அடங்கிய கையெழுத்துப் படி ஒன்றும் உண்டு; காப்பிரியர் பாட்டெனக் குறிக்கப்பட்ட பகுதியும் அதில் இருக்கின்றது. கென்னத் டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்க அறிஞர் அதனை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். முதலைத் தேடிச் செல்வோர் இங்கே வந்து நின்றுவிட விரும்புவர். ஆனால் அந்தப் படியிற் சொல் மட்டுமே உண்டு, மெட்டு இல்லை. யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஊரிற் கேட்டதை எழுதிவைத்தார். அதற்கு முன் அப்பாட்டு எத்தனை வாய்களிற் புரண்டதோ!

பாட்டு எவ்வளவு தூரம் புரளும் என்பதற்கு அதே ஜாக்சன் காட்டிய மற்றொரு சான்று சுவையானது. மலாக்காவிற் போத்துக்கேய வழியினராகிய கிறிஸ்தாங் மக்கள் ‘ஜிங்க்லி நோனா’ எனத் தொடங்கும் பாட்டொன்றைத் தம் இனத்தின் அடையாளமாகவே போற்றுகின்றனர். அத்தொடரின் முதற் சொல் என்னவென்று மலாக்காவிற் பலவாறு பொருள் கூறுவதுண்டு. அது ‘சிங்கள நோனா’, அதாவது சிங்களப் பெண், என்பதன் திரிபு என்றும், பாட்டு இலங்கையிலிருந்து போத்துக்கேயர் சென்ற கடல் வழியே கிழக்கு நோக்கிப் பயணம் செய்தது என்றும் ஜாக்சன் கருதினார். அக்கருத்தின்படி, ஒரு சொல் கேட்பிற் பிழைத்துப் பொருளிழந்தது; பாட்டோ புதிய நாட்டிற் புதிய மக்களுக்கு உரியதாயிற்று. இதனைப் பிழை என்பதா, பிறப்பு என்பதா?

தமிழ் இலக்கண நூலார் இத்தகைய கேள்வியை நூல்கள் பற்றி எழுப்பி விடையும் கண்டவர்கள். நூல்களை முதனூல், வழிநூல், சார்பு நூல் என அவர்கள் வகுத்தனர். தொகுத்தல், விரித்தல், தொகுத்தும் விரித்தும் கூறுதல், மொழிபெயர்த்தல் என வழிநூலைத் தொல்காப்பியர் நால்வகைப்படுத்தினார். முன்னோர் கண்ட முடிபோடு ஒத்துநின்று, பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வதே வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. வேறுபாடு குற்றமன்று, அது வழிநூலின் இலக்கணத்திலேயே அடங்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இம்முறையைப் பாட்டுக்கும் ஏற்றிப் பார்த்தால், வழிப்பாட்டை ஆராய்வோர் கேட்கவேண்டியது ‘எங்கே மாறியது?’ என்பதன்று, ‘எம்முடிபைக் காத்து எதனை மாற்றியது?’ என்பதே.

இசைத்தட்டு இம்முறையைச் சிறிது குழப்பிவிட்டது. எடிசன் 1877இல் ஒலியைப் பதிக்கும் பொறியைச் செய்தார்; பத்தாண்டு கழித்து எமில் பேர்லினர் தட்டையான வட்டில் அதனைப் பதிக்க வழி கண்டார். பழைய பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். பாட்டென்பது மூன்று நிமிட அளவினது என்ற எண்ணம் உலகெங்கும் பரவியதற்கு அவ்வரக்குத் தட்டின் விட்டமே காரணம் என்றால் சிலர் நகைப்பர். ஆனால் உண்மை அதுவே. அமெரிக்க இசைத்தட்டு வாணிகத்தில் ஒரு நிறுவனத்தின் தட்டு விலைபோகத் தொடங்கியதும் மற்ற நிறுவனங்கள் அதே பாட்டைத் தம் பாடகரைக் கொண்டு பாடுவித்து விற்றன. ‘கவர்’ என்ற பெயர் அவ்வணிகத்திலேயே எழுந்தது. பிக் மாமா தோர்ன்ரன் என்னும் கறுப்பினப் பாடகி பாடி 1953இல் வெளியான ‘ஹவுண்ட் டோக்’ என்னும் பாட்டை, 1956இல் எல்விஸ் பிறெஸ்லி பாடிப் பெரும் புகழ் பெற்றார். அவர் அதனை வேறொரு குழுவினர் மேடையிற் பாடியதைக் கேட்டே எடுத்தாண்டார். இத்தகைய பாட்டுக்களில் முதற் பதிவு எதுவெனத் தெரியும். எழுதியவர் யாரெனத் தெரியும். ஊதியம் யாருக்குச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதும் தெரியும். அங்கே முதலோடு ஒப்பிடுவது நியாயமே. சில வேளைகளில் அது நீதியுமாகும்.

புத்தளக் கரையின் பாட்டு அத்தகையதன்று. சிராம்பியடியில் ஒரு மாலை ஒலிப்பதிவுக் கருவி வைக்கப்பட்டதாகக் கொள்வோம். அக்கருவியிற் பதிவானது அம்மாலைப் பாட்டு. முந்திய கிழமை வேறு வேகத்தில், வேறு வரிசையில் அது பாடப்பட்டிருக்கும். பதிவு அங்கே தாய் அன்று. கண்ட சாட்சி மட்டுமே. சாட்சியை நீதிபதி ஆசனத்தில் இருத்துவது முறையாகாது.

கரையின் மற்றொரு பாட்டு இதனை இன்னும் தெளிவாக்கும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள உடப்பு, திரௌபதையம்மன் கோயிலாலும் தீமிதிப்பாலும் பெயர்பெற்ற தமிழ் மீனவர் ஊர். அங்கே கரைவலை இழுக்கும்போது பாடுவது அம்பாப் பாட்டு. கடலிற் போட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் இரு அணியினர் பற்றி இழுப்பர். ஒருவர் அடியெடுக்க மற்றையோர் ஏலேலோ எனத் தொடர, அத்தொடர்ச்சியில் எல்லோர் கைகளும் ஒருசேரப் பின்வாங்கும். வலை கனத்தாற் பாட்டுத் தாழும். மடி கரையை நெருங்கினாற் பாட்டு விரையும். பாடுபவர் தம் விருப்பப்படி வேகத்தை மாற்றுவதில்லை. கடலும் மீனும் மாற்றுகின்றன. இப்பாட்டை மேடையிற் கேட்கும் ஒருவர் இன்ன பதிவிற் கேட்டதைவிட இது மெதுவாக இருக்கின்றதே எனக் குறைகூறின், அன்றைய வலையில் எவ்வளவு மீன் இருந்தது என அவரைக் கேட்கலாம். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி இதே மாவட்டத்துக் கற்பிட்டியில் 1807இற் பிறந்தவர். புலவர் பெயர்கள் அவரால் நிலைத்தன. அம்பாவை ஆக்கியோர் பெயர் எதுவும் எஞ்சவில்லை. அண்மைக் காலத்திற் சில கரைகளில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழற்பொறி கயிற்றை இழுக்கத் தொடங்கியது. பொறிக்குப் பாட்டு வேண்டுவதில்லை. இழுக்கும் கை ஓய்ந்த இடங்களில் அம்பா மேடைக்கும் வானொலிக்கும் உரிய பொருளாகிவிடும். அப்போது அதன் வேகத்தைத் தீர்மானிக்கப் பதிவைத் தவிர வேறு துணை இராது.

அளவுகோல் தவறினால் என்ன நேரும் என்பதை இலங்கை வானொலியின் வரலாறே காட்டியிருக்கின்றது. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படம் தென்னிந்தியாவில் உருவானது. அதன் பின் வந்த படங்களிலும் இந்தித் தமிழ் மெட்டுகளின் நகல்கள் மலிந்தன. நகலை வெறுத்துத் தம் மண்ணின் மெட்டைத் தேடியோர் சிலர் எழுந்தனர். அவர்களுள் ஒருவரான சுனில் சாந்த, 1952இல் வட இந்திய இசைப் பேராசிரியர் ரத்தன்ஜன்கர் வானொலிப் பாடகர்களைத் தரம்பிரிக்க வந்தபோது அச்சோதனைக்கு உட்பட மறுத்தார். அதனால் வானொலி வாய்ப்பையும் இழந்தார். இராக இலக்கணத்தில் அவர் தேறுவாரா என்பதன்று அங்கே எழுந்த கேள்வி. அந்த இலக்கணம் அவர் பாட்டுக்கு அளவுகோலாகுமா என்பதே. நான்கு ஆண்டுகளின் பின் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த ‘ரேகாவ’ திரைப்படத்துக்கு அவர் மெட்டமைக்க, சொற்களை எழுதியவர் மாசலின் ஜயக்கொடி அடிகளார். அவர் பிறந்த தங்கொட்டுவையும் புத்தள மாவட்டத்ததே. நகல் மெட்டை மறுத்த இவ்வியக்கத்தார் பெருமைக்குரியோர். ஆனால் அதே காலத்திற் பைலாவைத் தரங்குறைந்த கலப்பு இசையென ஒதுக்கியோரும் பலர் இருந்தனர். கலப்பே அதன் பிறப்பு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்று சிராம்பியடியின் இளையோர் மஞ்சாவை நாட்டின் பல மேடைகளிற் பாடுகின்றனர். முதியோர் வாயிலிருந்து கற்பதோடு பதிவுகளைக் கேட்டும் கற்க வேண்டிய காலம் இது. இங்கேதான் ஒப்பிடுவோரின் தீர்ப்பு விளையாட்டாக அன்றி விளைவுடையதாகின்றது. பதிவைப் போலவே பாடுக என்று வற்புறுத்தினால், மெல்லத் தொடங்கி ஆட்டத்தில் முடியும் பாட்டு, மேடைக்கு வகுத்த சில நிமிட அச்சில் இறுகிவிடும். எப்படிப் பாடினாலும் தகும் என்று விட்டுவிட்டால், பொருள் தெரியாத சொற்கள் ஒவ்வொரு நாவிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்து வெறும் ஓசையாகிவிடும்.

ஆதலின் சொல்லுக்கும் நடைக்கும் இரு வேறு அளவைகள் வேண்டும். மஞ்சாவின் தாளம் இன்னும் அம்மக்களின் உடம்பில் வாழ்கின்றது. ஆகவே வேகத்தைக் கூட்டவும், கிற்றார் சேர்க்கவும், வரிசை மாற்றவும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அத்தகைய மாற்றத்தைப் பதிவைக் காட்டிக் குறைகூறுதல் பொருந்தாது. மொழியோ அவர்களிடம் அவ்வாறு வாழவில்லை. மலாக்காவில் ஒரு சொல் திரிந்தபோது திரித்தவர்கள் தம் தாய்மொழியிற் பேசிக்கொண்டிருந்தனர்; திரிந்த சொல்லைச் சூழப் பொருளுள்ள சொற்கள் நூறு நின்றன. சிராம்பியடியில் ஒரு சொல் திரிந்தால் அதனைத் தாங்கிப்பிடிக்க அடுத்த சொல்லுக்கு வலுவில்லை. எனவே சொல்லளவில் பழைய பதிவோடு ஒப்பிடுதல் தகும். ஒலி ஒலியாகத் திருத்துதலும் தகும். கிற்றாரைக் கண்டு முகஞ்சுளித்துவிட்டுச் சொற் சிதைவைக் கவனியாது செல்லும் இரசிகர் காக்க வேண்டியதை விட்டுவிட்டு விடத்தக்கதைக் காக்கின்றார்.

நெவில் தொகுதியின் ஏட்டிற் சொல் இருக்கின்றது, மெட்டு இல்லை. சிராம்பியடியில் மெட்டு இருக்கின்றது, சொல் குறைகின்றது. ஏட்டிலுள்ள நாலடிகளை மஞ்சாவின் நடையில் ஏற்றிப் பாட ஒருவர் முற்படலாம். அப்பாட்டை முதல் என்பதா, வழி என்பதா, சார்பு என்பதா எனப் பின்னர் ஆராயலாம். முதலில் அச்சொற்களின் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய முதியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். அத்தகையோர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.